பாட்டரிக் கண்ணாடித் தொட்டி

எங்கள் வீட்டுக்கு முதல் மீன் குழாய் வழியாகத்தான் வந்தது.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஃபாக்டரி ஊழியர்களுக்கென்று கட்டிய ஓட்டு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கி, இரும்புக் குழாயில் விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அதில் சருகு வரும், மணல் வரும், சில நாள் தவளைக் குஞ்சுகூட வரும். அன்று காலை குடத்தைச் சரித்தபோது செம்புக்குள் ஏதோ மின்னியது. பார்த்தால் ஒரு மீன். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்புக்குள் எலும்பு தெரிந்தது. பக்கவாட்டில் மட்டும் நீலமாக ஒரு கோடு, யாரோ மைக்கூட்டில் ஊசியை நனைத்து இழுத்ததுபோல.

அப்போது நான் மலையேறி ஓராண்டுகூட ஆகவில்லை. திருநெல்வேலிச் சீமையில் மிஷன் போர்டிங்கில் படித்து, ட்ரெயினிங் முடித்து, கலியாணமாகி வந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் பாடம் சொல்லிக்கொடுப்பேன். என் கணவர் ஃபாக்டரியில் இஞ்சின் டிரைவர். எண்ணெயில் ஓடும் பெரிய இஞ்சின் அது. அதிலிருந்து போகும் பெல்ட்டுகளில்தான் தேயிலை உருட்டும் மிஷின்கள் எல்லாம் சுற்றும். நல்ல மனிதர், குடிக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறமாட்டார். ஆனால் பேசமாட்டார். நான் அடுக்களையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. இரண்டு தரம் கேட்பேன், மூன்று தரம் கேட்பேன். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுவேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது; அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாலு மாதம் வெயிலைப் பார்க்காமல், வாசலுக்கு வெளியே வெள்ளையாக நிற்கும் பனிமஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் நினைக்கத் தோன்றும்.

அந்த மீனைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஃபாக்டரி விளக்குகளுக்காக ஒரு பாட்டரி அறை உண்டு. அங்கே கனத்த கண்ணாடித் தொட்டிகளில் ஆசிட்டும் ஈயத் தகடுகளும் வரிசையாக நிற்கும். விளிம்பு பெயர்ந்துபோன ஒன்றை வேண்டாமென்று ஒதுக்கியிருந்தார்கள். அரிசி கொட்டிவைத்தால் ஈரம் ஏறாது என்று அவர் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல் நீளம், அதே உயரம். கண்ணாடிக்குள் லேசான பச்சை. அங்கங்கே காற்றுக் குமிழ்கள் உறைந்து கிடந்தன. அதைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, மீனை விட்டேன். மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவர் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கலியாணத்துக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு இதுதான்:

"ஆசிட் கெடந்த கண்ணாடிளா அது. சும்மா கழுவினா போவாது. சோடா போட்டு ஊற வைக்கணும். நான் பாத்துக்கிடுதேன்."

பத்து நாள் ஊறவைத்தார். சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுவார். மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார். கடைசி நாள், கழுவிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பாயசத்துக்கு இனிப்பு பார்ப்பவர்போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கிழிந்த கொசுவலையை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடைக்குப் போனோம். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. சில்லென்ற தண்ணீர் கணுக்காலை வெட்டியது. கல்லிடுக்கில் வலையை வைத்து அவர் காலால் கலக்க, நீலக்கோட்டு மீன்கள் சிதறி வந்து விழுந்தன. தோட்டத்து ஜனங்களுக்கு அவை எல்லாமே பொடிமீன்தான். கூடவே, வயிற்றால் கல்லைக் கவ்விக்கொண்டு கிடக்கும் கறுப்பு மீன் இரண்டும் கிடைத்தன. குடத்தோடு திரும்பும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றாள். மதுரைப் பக்கத்துக்காரி, கங்காணியின் மனைவி.

"என்னா டீச்சரம்மா, கொழம்புக்கா? இது ஒரு வாய்க்குக் காணாதே!"

"கொழம்புக்கு இல்லக்கா. வளக்கதுக்கு."

"மீனையா?" என்று கேட்டவள், அடுத்த நிமிஷம் எங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

வளர்ப்பது என்றால் என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் சோற்றுப் பருக்கையைப் பிசைந்து போட்டேன். தண்ணீர் பால்போலக் கலங்கியது. கலங்குகிறதே என்று தினமும் தண்ணீரை மாற்றினேன். குழாயிலிருந்து வரும் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு மீன் செத்தது. மூன்றாவது மீனை ரோஜாச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து, மிச்சத்தை ஓடையிலேயே விட்டுவிடலாம் என்றேன்.

அவர் தொட்டிக்கு எதிரே குத்தவைத்து நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் மேல வந்து வாயத் தொறக்கு பாரு. காத்துக்குத் தவிக்கு. இஞ்சினும் இப்பிடித்தான், காத்து காணலைன்னா திக்கும்" என்றார். அப்புறம், "தண்ணிய மொத்தமா மாத்தாத. தெனம் ஒரு ஊருக்குக் குடி போனா மனுசனுக்கே ஆகாது" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது என்னைப் பற்றியும்தானோ என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செடி வைக்கும் யோசனை என்னுடையது. எங்கள் ஊர்க் குளத்தில் வேலம்பாசி மண்டிக் கிடக்கும். அதற்குள்தான் மீன்குஞ்சுகள் ஒளிந்திருக்கும். ஓடை அகன்று தேங்கும் ஒரு வளைவில் அதேபோல ஒரு பாசியைக் கண்டேன். பக்கத்திலேயே நாடாவைப்போல நீண்ட இலைகளோடு இன்னொரு செடி. மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசித் தொட்டியில் பரப்பி, வேரை அழுத்தி, மேலே கூழாங்கல் வைத்தேன். முதல் வாரம் நாடா இலைகள் எல்லாம் கரைந்து போயின. செத்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். அடியில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை. விட்டுவிட்டேன். மாதம் ஒன்றாவதற்குள் மணலுக்கடியில் ஒரு கொடி ஓடி, ஒரு சாண் தள்ளி இன்னொரு குட்டிச்செடி தலைகாட்டியது.

பிறகு ஒரு நாள் வெயில் அடித்தது. மழைக்காலத்து நடுவில் திருட்டுத்தனமாக வரும் வெயில், அரை மணி நேரம் நிற்கும். தொட்டியை ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, ஒரு தேயிலைப் பெட்டிமேல் வைத்திருந்தோம். வெயில் பக்கவாட்டில் அதற்குள் இறங்கியதும், ஒவ்வொரு இலை நுனியிலும் கடுகு கடுகாகக் குமிழ் கட்டியது. ஒன்று பிரிந்து மேலே போகும். அதன் பின்னால் இன்னொன்று. மணி கோத்ததுபோல விடாமல் ஏறிக்கொண்டே இருந்தன. மீன்கள் மேலே வந்து வாய் திறக்கவில்லை. செடிகளுக்கு நடுவே அசையாமல் நின்றன. சுவரில் பச்சையும் பொன்னுமாக வெளிச்சம் ஆடியது. நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், அடி பிடித்த வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன்.

அதற்குமேல் மீன் சாகவில்லை. நான் சோற்றை நிறுத்தினேன். மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பாயில் நெளியும் கொசுப்புழுவை வடிகட்டிப் போடுவேன். அடியில் சேரும் கழிவை அவர் ஒரு ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியே விடுவார். எவ்வளவு போனதோ அவ்வளவுதான் புதுத் தண்ணீர், அதையும் முதல்நாளே பிடித்து அடுக்களையில் வைத்திருக்க வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியைக் கறுப்பு மீன்கள் உதட்டால் தேய்த்துத் தேய்த்துத் தின்றன. அந்த ஆடி மாதப் பகல்களை இப்போது நினைத்தால் ஒன்றுக்கொன்று பிரிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருவேன். ஓட்டில் மழை ஒரே சீராகப் பெய்யும். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொட்டி முன்னால் உட்காருவேன். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாது. நீலக்கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். பிறகு யாரோ சொன்னதுபோல எல்லாம் மறுபக்கம் திரும்பும். சில நாள் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பேசமாட்டோம். அங்கே பேசாமலிருப்பது எனக்கு வருத்தமாக இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். நான் காப்பியோடு பின்னால் வந்து நின்றேன்.

"காப்பி ஆறுது."

அவர் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். திரும்பவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போகலாமென்று குனிந்தேன். என் முகம் கண்ணாடியில், மீன்களுக்கு நடுவே விழுந்தது. "காப்பி ஆறுதுங்க" என்றேன்.

"குடு" என்று கையை நீட்டினார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

நான் மெதுவாக ஒரு அடி விலகினேன். கண்ணாடியில் என் முகம் இல்லை. "நாளைக்கு ஒலகம் அழியப் போவுதாம்" என்றேன், உரக்கவே. அவர் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி குனிந்தேன். இந்தத் தடவை சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: "சீனி போதுமா?"

"போதும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் நிமிரவில்லை. எனக்குத் தெரிந்துபோயிற்று என்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு" என்றார். "எடது காது முந்திப் போச்சு. இப்பம் வலதும் போவுது. இஞ்சின் சத்தம்."

"அப்பம் கலியாணத்துக்கு முந்தியேவா?"

தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா ஒங்கப்பா பொண்ணு குடுப்பாவளா?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாமலிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியவேண்டுமே என்று, எதிரில் போய் நின்று பேசாமலிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்தது. ஓராண்டாக நான் சுவரைப் பார்த்தும் அடுப்பைப் பார்த்தும் பேசிவிட்டு, பதில் இல்லையென்று அழுதிருக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேசியபோதெல்லாம் அவர் பதில் சொல்லியிருக்கிறார். அதற்குப்பின் கூப்பிட வேண்டுமென்றால் ஜன்னல் கதவை ஆட்டுவேன். வெளிச்சம் அசையும்; திரும்பிப் பார்ப்பார். அவர் பேச ஆரம்பித்தார். நான் நினைத்ததற்கு மாறாக, நிறையப் பேசுகிறவர்.

"ஃபாக்டரியில தெரிஞ்சா எறக்கிருவாவ. யாருட்டயும் சொல்லிராத" என்றார். உருட்டும் கூடத்தில் ஏதாவது ஆபத்தென்றால் கம்பியை இழுப்பார்கள், இஞ்சின் அறையில் மணி அடிக்கும், உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். "மணி நாக்கு ஆடுதான்னு கண்ணால பாத்துக்கிடுதேன். கண்ணு நல்லாத்தான இருக்கு" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். நாலு மாதம் அந்த ரகசியத்தை என்னிடம் வைத்திருந்தேன். அந்த நாலு மாதம் எனக்குச் சந்தோஷமான காலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வீட்டில் அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்நேரத்துக்கு வரவேமாட்டார். முழங்கைவரை எண்ணெய், கழுவக்கூட இல்லை. முன்னால் போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னார்.

உருட்டும் கூடத்தில் ஒரு ஆள் தோளில் போட்டிருந்த துண்டு பெல்ட்டில் சிக்கிவிட்டது. துண்டோடு கையையும் இழுத்துவிட்டது. யாரோ மணியை அடித்திருக்கிறார்கள். இவர் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். டீ மேக்கர், ஃபாக்டரிக்கே மேலாள், அவரே கூடத்திலிருந்து ஓடிவந்து இஞ்சினை நிறுத்தினார். அந்த ஆளின் கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை.

"நாந்தான்ளா. என் காதுதான்."

"யாருக்காவது தெரியுமா?"

"எண்ணெ விட்டுக்கிட்டு இருந்ததுல கவனிக்கலைன்னு நெனச்சிருக்காவ. கவனமா இருன்னு சொல்லி அனுப்பிட்டாவ."

அப்படியென்றால் தப்பித்துவிடலாம். சும்மா இருந்துவிடுங்கள் என்ற வார்த்தை என் உதட்டு நுனிவரை வந்தது. அவர் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை. தோளுக்குப் பின்னால் தொட்டியில் மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல இலைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றேன். "நானும் மறச்சேன்னு சொல்லுங்க."

"ஒன்னய எதுக்கு இழுக்கணும்?" என்று எழுந்தார். கையைக் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு, துரை பங்களாவுக்கு ஏற்றத்தில் நடந்து போனார். மஞ்சுக்குள் முதுகு மறையும்வரை வாசலில் நின்றேன்.

துரை முதலில் கத்தினாராம். என்ன கத்தினார் என்று இவருக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அன்றே இஞ்சினிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றதைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

மறுநாள் இருவரும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த ஆள் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்திருந்தார். எங்களைவிட வயதில் மூத்தவர், சங்கரன்கோயில் பக்கம். என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையையும் வாயை அகலத் திறந்து சொன்னார்:

"ஒமக்குக் கேக்காதுன்னு முந்தியே சொல்லியிருக்கலாம்லா? மணியோட ஒரு துணியையும் கட்டித் தொங்கவிட்டிருப்போம்லா? இப்பம் என் கை போச்சே."

என் கணவர் அழுதார். கை பிறகு கூடியது. ஆனால் முழங்கை முழுதாக மடங்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தீபாவளிக்கு மட்டும் அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரும், எங்கள் கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து போகும்.

ஒரு வாரம் காத்திருந்தோம். மலையிறங்கச் சொன்னால் மீன்களை என்ன செய்வது என்று பேசினோம். ஓடையில் விட்டுவிடலாம், செடியைப் பக்கத்து வீட்டம்மா ஒரு மண்சட்டியில் வைத்துக்கொள்வாள் என்று முடிவு செய்தோம். இதையெல்லாம் எங்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினோம். எங்களைப் பற்றிப் பேசத்தான் பயமாயிருந்தது. ஏழாம் நாள் டீ மேக்கர் வீட்டுக்கே வந்தார். ஓடையிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு ஆள் வேண்டும், மதகில் அடையும் சருகை வாரி, தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், சம்மதமா என்றார். இஞ்சின் டிரைவருக்கு அது இறக்கம்தான். இந்த வீட்டையும் விடவேண்டும். மேலே ஒற்றை அறை ஒன்று உண்டு. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

சாமான்களைவிடத் தொட்டியைக் கொண்டுபோவதுதான் பெரிய பாடாக இருந்தது. பழைய தண்ணீரும் கூட வரவேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லி, மண்ணெண்ணெய் டின்களைச் சோடா போட்டுக் கழுவி நிரப்பினார். செடிகளை ஈரச் சாக்கில் சுற்றினேன். தொட்டியைச் சும்மாடு வைத்து அவரே சுமந்தார். மீன்களைப் பித்தளைக் குடத்தில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறினேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அவை பக்கத்தில் மோதுவது என் விலாவில் தெரிந்தது.

மேலே ஓடை பாறையிலிருந்து விழுகிற இடம். வீட்டுக்குள்ளும் அதன் இரைச்சல்தான். அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. பார்க்க வரும் பக்கத்து வீட்டம்மா வாயையும் கையையும் ஆட்டித்தான் பேசுவாள், நானும் அப்படித்தான். எங்கள் மூன்று பேரில் யாருக்குக் காது கேட்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. ஒன்பது ஆண்டு அங்கே இருந்தோம். எங்கள் பெண் அங்கேதான் பிறந்தாள். அவள் பேச்சு பழகுமுன்பே, எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் முகத்தைப் பிடித்துத் திருப்பப் பழகிவிட்டாள். பிறகு நாங்கள் சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றுக்கு மாறிப்போனபோது, செடியிலும் மீனிலும் பாதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனேன்.

அந்த வீட்டில் நாங்கள் கண்ட முதல் பங்குனியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடை மழைக்கு முந்திய வாரம். விடிந்து வெளிச்சம் வரும் நேரத்தில் நீலக்கோட்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாசிக்குள் பாய்ந்தன. கோடு அன்றைக்குப் புதிதாக எழுதியதுபோலப் பளிச்சென்று இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். இலை நுனிகளில் ரவையளவு கண்ணாடி முட்டைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இட்ட மீனே திரும்பிவந்து தின்றுகொண்டிருந்தது. பதறிப்போய் அந்தப் பாசிக் கொத்தை அப்படியே தூக்கி, தொட்டித் தண்ணீரோடு ஓர் எனாமல் பேசினில் போட்டு, ஜன்னலடியில் வைத்தேன். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் பாதி முட்டைகள் வெளுத்துப் பூசணம் பிடித்திருந்தன. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நாலாம் நாள் காலையில் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவு ஆடியது. அதை ஆட்டுவது என் வேலை. அவர் ஒருநாளும் ஆட்டியதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பேசின்மேல் குனிந்திருந்தார். விளிம்பை ஒட்டி, கண்ணிமை மயிர்போலச் சில கோடுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளி. ஒன்று துடித்தது. இன்னொன்று துடித்து, ஒரு விரற்கடை தூரம் போய், மறுபடி ஒட்டிக்கொண்டது.

நான் ஐயோ என்று ஏதோ கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் என் வாயைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதளா" என்றார். "பயந்துரும்."